முப்பத்திரண்டாவது குறிப்பு

உ

வடக்கு நோர்வே, கடலோர விடுதி, ஏழாம் இலக்க வீடு
2025 யூலை 7, திங்கள்

மாக்கிரட் அக்காவுக்கு ரதி எழுதுவது.

வந்து சேர்ந்துவிட்டேன். பலெர்மோவிலிருந்து மூன்று விமானம், துரோம்சோவிலிருந்து படகில் இரண்டு மணித்தியாலம். இறங்கியதும் தொலைபேசி எடுப்பதாகச் சொல்லியிருந்தேன். எடுக்க முடியாது. இந்த விடுதி வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. தங்க வருகிறவர்கள் தொலைபேசியை அதற்குள் போட்டுப் பூட்டிவிட வேண்டும். போகிற அன்றுதான் திருப்பித் தருவார்கள். என் மகள் சாம்பவி இது தெரிந்துதான் இந்த இடத்தைப் பிடித்திருக்கிறாள்.

“ஏனடி இப்பிடி ஒரு இடம்?” என்று கேட்டேன்.

“அம்மா, நீங்கள் ஒரு நாளைக்கு ஆறு தரம் சிஞ்ஞோராவுக்கு அடிப்பியள். மருந்து போட்டாச்சோ, யன்னல் சாத்தியாச்சோ எண்டு. பிறகு என்ன விடுமுறை?” என்றாள்.

கடிதம் எழுதத் தடையில்லை. நான் எழுதுவதை வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் பிரதி எடுத்து, பல்லாரோ சந்தையில் இருக்கும் ஏர்னஸ்ற் அண்ணையின் கடைக்கு மின்னஞ்சலில் அனுப்புவாள். அவர் அச்செடுத்துத் தருவார். நீங்கள் எழுதுவதை அதே வழியில் அனுப்புவார். ஏர்னஸ்ற் அண்ணை, இதை வாசியாதேங்கோ. மடித்துக் கொடுங்கோ.

இனி வீட்டுக் கதை. நான் வேலை பார்க்கும் சிஞ்ஞோராவின் வீட்டில் எனக்குப் பதிலாக நிற்க நீங்கள் ஒப்புக்கொண்டதற்கு நன்றி. கொப்பியில் முப்பத்தொரு குறிப்பு எழுதித் தந்திருக்கிறேன். அதன்படி நடந்தால் போதும். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: பதிலுக்கு நிற்கிறவர் வீட்டுக்கு உரியவளை விட நன்றாகச் செய்யக்கூடாது. உங்கள் உடுப்பு மினுக்கும் கை எனக்குத் தெரியும். தயவு செய்து சேட்டுக் கொலரைக் கொஞ்சம் சுருக்கத்துடன் விடுங்கள்.

இங்கே இரவு இல்லை. சூரியன் மலையில் இடித்துக்கொண்டு நிற்கிறது, இறங்குவதாக இல்லை. சிவப்பு மரவீடுகள், தண்ணீருக்குள் இறங்க ஒரு மர ஏணி, அதன் பக்கத்தில் ஒரு கரும்பலகை. அதில் ஒவ்வொரு காலையும் கடலின் வெப்பநிலையை எழுதுகிறார்கள். இன்று பதினொரு பாகை. அதற்குள்ளும் ஆட்கள் இறங்குகிறார்கள்.

ரதி

---

அல்பெர்கேரியா, பலெர்மோ
9 யூலை, புதன்

அன்பான ரதிக்கு,

உமது கடிதம் கிடைத்தது. ஏர்னஸ்ற் அண்ணை அதைத் தரும்போது, “பதினொரு பாகை எண்டால் மனிசர் செத்துப்போவினம், என்ன?” என்றார். வாசிக்கவில்லை என்று சத்தியம் வேறு செய்தார்.

நான் தினமும் காலை ஏழரைக்கு 101 பஸ் பிடித்து எட்டுக்கு உமது சிஞ்ஞோராவின் வாசலில் நிற்கிறேன். கொப்பியை வரிக்கு வரி பார்த்துத்தான் செய்கிறேன். முதலாவது மருந்து, இரண்டாவது கோப்பி, பத்து மணிக்கு வெயில் பக்கத்து யன்னல்களைச் சாத்துவது, பல்கனிப் பூச்சாடிகளுக்கு ஒரு கோப்பைத் தண்ணீருக்கு மேல் ஊற்றாதது. இங்கே முப்பத்தெட்டுப் பாகை. நடைபாதைத் தார் செருப்பில் ஒட்டுகிறது.

ஒரு விசயம் எனக்குப் பயமாக இருக்கிறது. அவ சாப்பிடுகிறா இல்லை.

திங்கள் கத்தரிக்காய்ப் பாஸ்தா செய்தேன். மூன்று தரம் முள்ளுக்கரண்டியால் கிளறிவிட்டு, “கிராற்சியே, மார்கெரீத்தா” என்று நன்றி சொல்லித் தட்டைத் தள்ளினா. செவ்வாய் சுரைத்தளிர் சூப். திங்கள் மாதிரியே. இன்று மத்தி மீன் பொரித்தேன். வாசம் படிக்கட்டு வரை போய் மேல்மாடிக்காரர் எட்டிப் பார்த்தார். அவ மட்டும் பார்க்கவில்லை. மூன்று நாளில் அவவின் வயிற்றுக்குள் போனது கோப்பியும் இரண்டு பீச்சம் பழமும்தான். எண்பத்தாறு வயது மனுசி.

நான் ஒன்றுக்கும் எதிர்த்துப் பேசவில்லை, ரதி. எதைச் சொன்னாலும் “ஓம் சிஞ்ஞோரா, சரி சிஞ்ஞோரா” என்றுதான் நிற்கிறேன். முப்பது வருடம் பார்த்த எந்த வீட்டிலும் நான் குரல் உயர்த்தினதில்லை, உமக்குத் தெரியும்.

அதனால் நேராகக் கேட்கிறேன். முப்பத்திரண்டாவது குறிப்பு எங்கே?

கோபிக்க வேண்டாம். வீட்டைப் பதிலுக்கு விட்டுப் போகிற எல்லோரும் ஒன்றை ஒளித்துவைத்துவிட்டுத்தான் போவார்கள். நானும் செய்தேன். 2011இல் மடு மாதா திருநாளுக்கு நான் ஊருக்குப் போனபோது, நான் வேலை பார்த்த பேராசிரியர் வீட்டில் நீர் எனக்குப் பதிலாக நின்றீர். அவருக்கு இடது காது கேளாது என்பதை நான் உமக்குச் சொல்லவில்லை. நீர் ஒரு மாதம் இடது பக்கத்தில் நின்று கதைத்தீர், அவர் ஒரு மாதம் கத்தினார். அது என் பாவம், அதைக் கோவிலில் சொல்லிவிட்டேன். இப்போது உமது முறை.

அன்புடன்
மாக்கிரட்

---

உ

விடுதி
10 யூலை, வியாழன்

மாக்கிரட் அக்காவுக்கு,

முப்பத்திரண்டாவது என்று ஒன்றில்லை. எண்ணிப் பாருங்கள், கொப்பியில் அதற்கு மேல் வரியே இல்லை.

இடது காதுக் கதையைப் பதினான்கு வருடம் கழித்துச் சொல்கிறீர்கள். அந்த மாதம் எனக்குத் தொண்டை கட்டி, இஞ்சித் தண்ணீரில்தான் வாழ்ந்தேன். இருக்கட்டும்.

சிஞ்ஞோராவுக்கு வெக்கைக்கு இப்படி வரும். உப்பைக் கூட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் தட்டை மாற்றிப் பாருங்கள், நீலக்கரைத் தட்டு அவவுக்குப் பிடிக்கும். சரியாகிவிடும்.

இங்கே ஒரு வெட்கக்கேடு நடந்தது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. முதல் நாள் காலை எழும்பியதும் வழக்கம்போலப் படுக்கையை விரித்தேன், குளியலறைச் சுவரைத் துடைத்தேன், துவாய்களை நாலாக மடித்தேன், பெட்டிகளைக் கண்ணில் படாமல் கட்டிலின் கீழ் தள்ளினேன். யன்னல் கண்ணாடியில் கோடு தெரிந்தது, அதையும் பத்திரிகைத் தாளால் துடைத்தேன். பிறகு சாம்பவியோடு காலைச் சாப்பாட்டுக்குப் போனேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால், என் கட்டிலில் ஒரு ஜேர்மன்காரர் செருப்பைக் கழற்றிக்கொண்டு இருக்கிறார். பக்கத்தில் அவருடைய மனைவி. இரண்டு பேர், மூன்று பெட்டி.

துப்புரவு செய்ய வந்த ராக்ன்ஹில்ட் என்கிற பெண் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஏழாம் இலக்கத்தில் இருந்தவர்கள் போய்விட்டார்கள், வேறு யாரோ துப்புரவும் செய்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறா. அவர்கள் வீட்டை அடுத்த ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். சாம்பவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கு முகத்தை வைக்க இடமில்லை. நான் செய்த மரியாதைக்கு என்னைக் குடியெழுப்பப் பார்த்தார்கள்.

ராக்ன்ஹில்டுக்கு அறுபது வயதிருக்கும். எங்களைப் போலப் பெரிய கை. அவ சொன்னதைச் சாம்பவி மொழிபெயர்த்தாள்: “நீங்கள் விருந்தாளி. என்ரை வேலையைச் செய்து என்னைச் சும்மா நிக்க வையாதேங்கோ.” இன்று படுக்கையைக் கலைந்தபடி விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். பாதி வழியில் திரும்பி வந்து தலையணையை மட்டும் நேராக்கினேன். மறுபடியும் வந்து போர்வையை. மூன்றாம் தரம் வந்தபோது அவ வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றா.

இந்த ஊர் ஆட்கள் ஒருவரோடு ஒருவர் கதைக்கிறார்கள் இல்லை. நான்கு நாளாக யாரும் என்னோடு ஒரு சொல் கூட முறைத்துக் கதைக்கவில்லை. காது அடைத்த மாதிரி இருக்கிறது.

ரதி

---

அல்பெர்கேரியா
12 யூலை, சனி

ரதி,

உப்பைக் கூட்டினேன். நீலக்கரைத் தட்டு வைத்தேன். நேற்று அவ எழும்பும்போது கதிரையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றா. இடுப்புப் பட்டியில் ஒரு துளை உள்ளே போயிருக்கிறது.

நேற்று மிலானோவிலிருந்து மகன், அந்தச் சட்டத்தரணி, தொலைபேசி எடுத்தார். திங்கள் வைத்தியரை அனுப்புகிறாராம். பிறகு சொன்னதை உமக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன். “ரதி இல்லை எண்டு அம்மா முரண்டு பிடிக்கிறா. நீங்கள் நல்லாச் சமைக்கிறியள், வீடு பளபளக்குது எண்டு பக்கத்து வீட்டாக்கள் சொல்லுகினம். விருப்பமெண்டால் நிரந்தரமாய் நில்லுங்கோ. அம்மா பழகிவிடுவா” என்றார்.

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதையும் ஒளிக்கவில்லை. பேராசிரியர் ஏப்ரலில் காலமான பிறகு எனக்கு வீடு இல்லை என்பது உமக்குத் தெரியும். ஐம்பத்தெட்டு வயதில் புதிய வீடு தேடுவது எப்படி என்று உமக்குச் சொல்லத் தேவையில்லை.

நேற்று மாலை கடையில் இதை வாய் தவறிச் சொல்லிவிட்டேன்; இதற்குள் ஏர்னஸ்ற் அண்ணையின் வாயால் பல்லாரோ முழுவதும் கதை பரவிவிட்டது. இன்று மீன்காரனிடம் நிற்கும்போது எங்கள் ஒழுங்கை ஸ்ரெல்லா வந்து, “என்ன அக்கா, ரதியின்ரை வீட்டைப் பிடிச்சிட்டியளாம்?” என்று கேட்டாள். என் கையிலிருந்த மீன் அவளுடைய செருப்பில் விழுந்தது. தற்செயலாக என்று சொல்லமாட்டேன்.

நீர் எழுதியிருக்கிறீர், முப்பத்திரண்டாவது இல்லை என்று. ரதி, இருபத்தாறு வருடம் முந்தி நாங்கள் இரண்டு பேரும் இந்த ஒழுங்கையில் ஒரே அறையில் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள். நீர் பொய் எழுதும்போது வசனம் கட்டையாகிவிடும். உமது கடிதத்தின் முதல் வரியைத் திரும்ப வாசித்துப் பாரும்.

அந்த மனுசி மெலிந்துகொண்டு போகிறா.

மாக்கிரட்

---

உ

விடுதி
13 யூலை, ஞாயிறு

மாக்கிரட் அக்கா,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் பெட்டியைக் கட்டினேன். அடுத்த படகு செவ்வாய்தான் என்றார்கள். சாம்பவி, “அம்மா, இருந்து மூச்சு விடுங்கோ” என்றாள். படகுத்துறையில் போய் இருந்தேன். முதலில் உங்கள் மேல் கோபம் வந்தது. நிரந்தரமாக நிற்கச் சொன்னாராம், இவ ஓமும் சொல்லவில்லையாம் இல்லையும் சொல்லவில்லையாம்! அந்தக் கோபத்திலேயே மூன்று பக்கம் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டேன். கிழித்த தாளை ராக்ன்ஹில்டின் கூடையில் போட்டேன், அவவுக்கும் ஒரு வேலை இருக்கட்டும்.

நான் இல்லாத வீட்டில் சாப்பிடாமல் ஒருவர் மெலிகிறா. அதற்குக் காரணம் நான் எழுதாமல் விட்ட ஒரு வரி. இதோ எழுதுகிறேன்.

32. தினமும் பதினொன்றரை மணிக்குச் சிஞ்ஞோராவோடு சண்டை பிடிக்க வேண்டும்.

சிரிக்க வேண்டாம். 2006இல் நான் அந்த வீட்டுக்குப் போய் மூன்றாம் மாதம் அவவின் கணவர் இறந்தார். அவ சாப்பாட்டை விட்டுவிட்டா. நான் உங்களைப் போலத்தான், “ஓம் சிஞ்ஞோரா, சரி சிஞ்ஞோரா.” ஐந்தாம் நாள் என் கவனக்குறைவில் தக்காளிச் சோஸ் அடிப்பிடித்தது. அவ ஏசினா. நானும் நித்திரை இல்லாமல் இருந்தேன், திருப்பி ஏசிவிட்டேன். வேலை போய்விட்டது என்று நினைத்து ஏப்ரனைக் கழற்றினேன். திரும்பிப் பார்த்தால், அந்த அடிப்பிடித்த சோஸோடு ஒரு தட்டுப் பாஸ்தாவை முடித்துவிட்டு இருக்கிறா. நாற்பது வருடம் லத்தீன் படிப்பித்த மனுசி. வீட்டுக்குள் எதிர்த்துக் கதைக்க ஒரு ஆள் இல்லாவிட்டால் அவவுக்குப் பசிப்பதில்லை. அன்றிலிருந்து ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

எப்படிச் செய்வது என்றால், சமையலறையிலிருந்தே தொடங்க வேண்டும், முன்னால் போய் நின்று அல்ல. சட்டியை ஒரு தரம் சத்தமாக வைத்தால் அவவுக்கு விளங்கும். உப்பு, யன்னல், வானொலிச் சத்தம், எதுவும் சரி. பலெர்மோவின் காவல் புனிதை சந்த றொசாலியாவுக்குத் தமிழ் விளங்குமா என்பது நல்ல விசயம், அரை மணித்தியாலம் ஓடும். இறந்தவரைப் பற்றி மட்டும் வேண்டாம். மன்னிப்புக் கேட்கவே கூடாது. சண்டை நடுவில் மேசையில் தட்டை வைக்க வேண்டும், முடிந்த பிறகு அல்ல. கடைசிச் சொல் அவவுடையதாக இருக்க வேண்டும்.

இதைக் கொடுத்தால் வீட்டையே கொடுத்த மாதிரி என்று எனக்குத் தெரியும். கொடுத்துவிட்டேன். நாளைக் காலை வேலைக்குப் போகும் வழியில் கடையில் இதை எடுங்கள். ஏர்னஸ்ற் அண்ணை, நீங்கள் இதை வாசித்தது எனக்குத் தெரியும். ஓடிப்போய் அவவின் கையில் கொடுங்கோ.

ரதி

---

அல்பெர்கேரியா
16 யூலை, புதன்

அன்பான ரதிக்கு,

முதலில் செய்தி: சாப்பிட்டுவிட்டா. இரண்டு தட்டு. இனி ஆறுதலாக இருந்து வாசியும்.

திங்கள் காலை ஏர்னஸ்ற் அண்ணை கடிதத்தோடு பஸ் தரிப்பிடத்துக்கே ஓடி வந்தார், மூச்சு வாங்க. பஸ்ஸில் நின்றபடி நான்கு தரம் வாசித்தேன். சண்டை பிடிக்கச் சொல்கிறீர். என்னை! எங்கள் கோவில் வாசகர் குழுவில் பதினெட்டு வருடமாக இருக்கிற என்னை!

சரியாகப் பதினொன்றரைக்குச் சட்டியைச் சத்தமாக வைத்தேன். சத்தம் எனக்கே பெரிதாகப் பட்டு, சட்டியை ஒரு தரம் தடவினேன். பிறகு, “சிஞ்ஞோரா, உங்களுக்கு உப்பு... கொஞ்சம் கூடத்தான் விருப்பம் போலை” என்றேன்.

“ஓம்” என்றா.

“அது... அது சரியில்லை. எனக்கு அப்பிடிப் படுது. நீங்கள் குறை நினையாதேங்கோ.”

கண்ணாடிக்கு மேலால் பார்த்தா. “மார்கெரீத்தா, உனக்குக் காய்ச்சலோ?” என்றா. சந்த றொசாலியாவைக் கொண்டுவந்து பார்த்தேன். அவவுக்குத் தமிழ் விளங்கும் என்று நான் சொல்ல, விளங்காது என்று சிஞ்ஞோரா சொல்ல, “நீங்கள் படிச்சவ, உங்களுக்குத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டேன். அவ கையிலிருந்த புத்தகத்தைப் பட்டென்று மூடினா. “பாவசங்கீர்த்தனம் செய்யிற ஆள் மாதிரிச் சண்டை பிடிக்கிறாய். போ, போய்ப் பாத்திரத்தைக் கழுவு.” வைத்தியர் வந்து சத்து மருந்து எழுதினார். அதையும் குடிக்கவில்லை.

செவ்வாய் பலெர்மோவின் திருநாள், வேலை இல்லை. முதல் நாள் மாலை தேர் பார்க்க நின்றதில் கால் வீங்கியிருந்தது. றொசாலியாவிடம், “தாயே, எனக்குக் கொஞ்சம் கோபம் தா” என்று கேட்டேன். வேறு யாரும் அவவிடம் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்று நான் சண்டைக்கே போகவில்லை, ரதி. களைத்துப்போய்ச் சமையலறையில் தக்காளி வெட்டிக்கொண்டு நின்றேன். அவ தானே தொடங்கினா. தனக்குத்தானே கதைப்பது போல, ஆனால் எனக்குக் கேட்க.

“ரதி இனி வரமாட்டா. கிழவி அலுத்துப் போச்சு. பனிக்கரடி பாக்க ஓடிப்போட்டா. பத்தொன்பது வரியமாய் நல்லா நடிச்சிருக்கிறா.”

எனக்கு என்ன நடந்தது என்று தெரியாது. கத்தியை வைத்துவிட்டு மண்டபத்துக்குப் போனேன். “என்ன சொன்னீங்கள்?” என்றேன். “நடிச்சவவோ? குளியலறையிலை நீங்கள் விழுந்த வரியம் பதினாலு நாள் உங்கடை கட்டிலடியிலை நிலத்திலை படுத்தவ ஆர்? சாம்பவி பட்டம் வாங்கின அண்டு, போட்டோ எடுக்கிறதுக்கு முதல் ஓடி வந்து உங்களுக்கு மருந்து தந்தவ ஆர்? அங்கை போயும் அவவுக்கு நிம்மதி இல்லை. உங்களைத்தான் நினைச்சுக்கொண்டு கிடக்கிறா. நீங்கள் இஞ்சை இருந்து ஒரு வாய் சாப்பிடாமல் அவவை நாறடிக்கிறியள். வெக்கமா இல்லை உங்களுக்கு?”

பாதி இத்தாலியன், பாதி மன்னார்த் தமிழ். கடைசி வசனத்தை எந்த மொழியில் சொன்னேன் என்று தெரியவில்லை. முற்றத்துப் பக்கம் மூன்று மாடியிலும் யன்னல் திறந்த சத்தம் கேட்டது.  மன்னிப்புக் கேட்க வாய் வரை வந்தது. உமது எழுத்து நினைவு வந்தது. கேட்கவில்லை.

 அவ துவாயை எடுத்துக் கழுத்தில் செருகினா.

“பாஸ்தா ஆறப்போகுது” என்றா. “கொண்டு வா.”

இரண்டு தட்டு, ரதி. கடைசியில் பாண் துண்டால் தட்டை வழித்துத் துடைத்தா. நான் குசினிக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு அழுதேன். சந்தோசத்தில்தான். போகும்போது வாசலில் நின்று, “நாளைக்கும் பதினொன்றரை” என்றா.

மாக்கிரட்

---

உ

விடுதி
17 யூலை, வியாழன்

என் மாக்கிரட் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வரவேற்பு மேசையிலேயே நின்று வாசித்தேன். பாண் துண்டு வரும் இடத்தில் என் சத்தம் கேட்டு, பேசாத அந்த விருந்தாளிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாம்பவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அவர்களுக்கு மொழிபெயர்த்தாள். ஒரு கிழவர் எழுந்து நின்று கை தட்டினார்.

அந்த உற்சாகத்தில் ஒன்று செய்தேன். கேளுங்கள்.

பருத்தித்துறையில் கடலுக்கு நூறு யார் தள்ளிப் பிறந்தவள் நான். பலெர்மோவில் இருபத்தாறு வருடம். மொந்தெல்லோக் கடற்கரைக்கு எத்தனையோ கோடையில் போயிருக்கிறேன், சிஞ்ஞோராவின் பேரப்பிள்ளைகளின் துவாயையும் செருப்பையும் பார்த்துக்கொண்டு மணலில் இருக்க. ஒரு நாள் கூடத் தண்ணீருக்குள் இறங்கியதில்லை. இது உங்கள் கடிதம் வாசித்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

ராக்ன்ஹில்ட் தினமும் மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் ஏணியால் கடலுக்குள் இறங்குவா. இன்று நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். பழைய சுரிதார், தலையில் துவாய். கரும்பலகையில் பன்னிரண்டு பாகை.  அவ கையை நீட்டினா.

முழங்கால் வரை உயிர் இருந்தது. இடுப்புக்கு வந்ததும் என் வாய் தானாகத் திறந்தது. “எட நாசமாய்ப் போன கடலே! இதென்ன தண்ணியோ, கத்தியோ? ஆரைக் கேட்டு இப்பிடிக் குளிர்ந்து கிடக்கிறாய்?” பதினோரு நாள் பிடிக்காமல் விட்ட சண்டை முழுவதையும் கடலோடு பிடித்தேன், அக்கா. மலையில் பட்டு எதிரொலி வந்தது, அதற்கும் திருப்பி ஏசினேன். முதல் தரம் ஒன்பது விநாடி நின்றேன். ஏறி, மறுபடி இறங்கி, நாற்பது வரை எண்ணினேன். எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்று சிரித்தார்கள். ராக்ன்ஹில்ட் சிரித்த சிரிப்பில் ஏணியில் கை வழுக்கித் தண்ணீர் குடித்தா. பிறகு பகலெல்லாம் விறகு எரியும் சௌனா என்கிற சூட்டறைக்குள் போய் இருந்தோம். எனக்கு என் தோல் புதிதாக வந்த மாதிரி இருந்தது.

பசி என்றால் அப்படிப் பசி. சீனி போட்ட மீனைக் கூடச் சாப்பிட்டேன்.

இனி, நான் மூன்று தரம் எழுதிக் கிழித்த பகுதி. சாம்பவிக்கு இன்னும் ஒரு கிழமை லீவு கிடைத்திருக்கிறது. 20ஆம் திகதிக்குப் பதிலாக 27ஆம் திகதி வரலாமா என்று கேட்கிறாள். எனக்கு விருப்பம். ஆனால் அப்படி நின்றால் நீங்கள் மூன்று கிழமை அந்த வீட்டில் நிற்பீர்கள். இப்போது சண்டையும் பழகிவிட்டீர்கள். சிஞ்ஞோரா உங்களைத்தான் வேண்டும் என்றால், ஓம் என்று சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு வீடு வேண்டும், எனக்குத் தெரியும். அதை வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனம் வராது. இதைச் சிரித்த முகத்தோடு எழுதுகிறேன் என்று சொன்னால் பொய், வசனம் கட்டையாகிவிடும். ஆனாலும் எழுதிவிட்டேன்.

20ஆ, 27ஆ? நீங்கள் சொல்கிறபடி.

ரதி

---

அல்பெர்கேரியா
19 யூலை, சனி

அன்பான ரதிக்கு,

27.

நேற்று நடந்ததைக் கேளும். பதினொன்றரைக்கு நான் வானொலியைப் பற்றித் தொடங்கினேன். எனக்குக் கோபம் இல்லை, அதனால் நன்றாக வரவில்லை. அந்த நேரம் மிலானோவிலிருந்து மகன் எடுத்தார். நிரந்தரமாக நிற்பதைப் பற்றி யோசித்தீர்களா என்று கேட்டார். நான் வாய் திறக்க முன் சிஞ்ஞோரா கதிரையிலிருந்து எழும்பி வந்து தொலைபேசியை என் கையிலிருந்து பறித்தா.

“நீ ஆர் முடிவெடுக்க?” என்று மகனிடம் கத்தினா. “இவ தங்கமான மனுசி. கொலர் இப்பிடி மினுக்கி ஒருத்தரும் எனக்குத் தரேல்லை. ஆனால் இவவுக்குக் கோபம் வந்தால்தான் சண்டை வரும். ரதி கோபம் வராத நாளும் எனக்காகச் சண்டை பிடிப்பா. பத்தொன்பது வரியமாய் ஒவ்வொரு நாளும். நான் லத்தீன் படிப்பிச்சவள், எனக்கு அது விளங்காதெண்டு நினைச்சியோ?”

அவவுக்குத் தெரிந்திருக்கிறது, ரதி. முதல் நாளிலிருந்தே.

தொலைபேசியை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினா. நீர் ஒரு கிழமை கூட நிற்கப்போவதைச் சொன்னேன். கடலில் இறங்கியதையும் சொன்னேன். பன்னிரண்டு பாகையா என்று கேட்டு நெஞ்சில் கை வைத்தா. அடுத்த அரை மணித்தியாலம் உம்மை ஏசினா. அப்படியான ஏச்சை நான் எந்த வீட்டிலும் கேட்டதில்லை. புத்தி இல்லாதவ, நியூமோனியா பிடிக்கும், அந்த ஊர் மீனில் முள்ளு இருக்காது, முள்ளில்லாத மீனை நம்பக்கூடாது. ஏசிக்கொண்டே மூன்று தட்டுச் சாப்பிட்டா. பிறகு லத்தீன் அகராதிக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினா. நீர் போன அன்றிலிருந்து உம்மோடு பிடிக்க வேண்டிய சண்டைகளை எண் போட்டு எழுதி வைத்திருக்கிறா. பதினான்கு வந்துவிட்டது. “இருபத்தெட்டாம் திகதி, பதினொன்றரைக்கு வரச் சொல்லு. பிந்தினால் அது பதினஞ்சாவது” என்றா.

என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம். மேல்மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற நீதவான், புதன்கிழமை யன்னலைத் திறந்து கேட்டவர்களில் ஒருவர், இன்று படிக்கட்டில் என்னை நிறுத்தினார். செப்ரெம்பரிலிருந்து தன் வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டார். “சமையலுக்கோ, துப்புரவுக்கோ?” என்று கேட்டேன். “இரண்டுக்கும்தான். ஆனால் அண்டைக்குக் கீழை கேட்ட மாதிரி, மாதத்திலை ஒரு தரமாவது” என்றார். ஓம் என்றேன். வலது காது, இடது காது இரண்டும் கேட்குமா என்பதையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். நான் எப்போதாவது ஊருக்குப் போனால் நீர்தானே பதிலுக்கு நிற்க வேண்டும்.

கொப்பியில் உமது முப்பத்தொன்றின் கீழே முப்பத்திரண்டாவதை என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். இனி அது ஒளிக்க வேண்டிய ஒன்றல்ல. எழுதினாலும் உம்மைப் போல வேறொருத்திக்குச் செய்ய வராது.

நாற்பதைத் தாண்டி எண்ணும். நூறு வரை நில்லும்.

அன்புடன்
மாக்கிரட்

[கீழே, வேறு கையெழுத்தில்]

தங்கச்சி, நான் ஒன்றும் வாசிக்கவில்லை. நூறு கூடிப்போச்சு, அறுபது போதும். — ஏர்னஸ்ற்